ஒருநாள் தஞ்சாவூர் கலைச்சுற்றுலா: வேனில் ஒரு தடவை, பஸ்ஸில் ஒரு தடவை

முதலில் மார்க்கைச் சொல்லிவிடுகிறேன். அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு போய்விடலாம். வேனுக்கு ஐந்துக்கு இரண்டு. அதில் ஒன்று ஓட்டுநருக்கு, அரை கைடுக்கு, மீதி அரை மதியச் சாப்பாட்டில் ஊற்றிய வத்தக்குழம்புக்கு. பார்த்த இடங்களுக்கு மார்க் போட நான் யார்?

கும்பகோணத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கிறேன். அப்பா காலத்துக் கடை. செம்பு, பித்தளை, வெண்கலம் என்றுதான் போர்டு. வயிற்றுப்பாட்டுக்கு எவர்சில்வரும் குக்கர் கேஸ்கெட்டும் விற்கிறேன். பெண் சென்னையில் வேலை பார்க்கிறாள். ஞாயிறு ராத்திரி போன் பண்ணினால், இந்த வாரம் எழும்பூர் மியூசியம் போனோம், போன வாரம் ஓவியக் கண்காட்சி, அதுக்கு முந்தின வாரம் கச்சேரி என்று அடுக்குவாள். "நீங்க என்னப்பா பண்ணீங்க?" என்று கடைசியில் ஒரு கேள்வி. நான் தூங்கினேன். அதை எத்தனை வாரம் சொல்வது? "நம்ம ஊரும் 2021லேயே மாநகராட்சி ஆயிடுச்சும்மா" என்று ஒருதரம் சொல்லிப் பார்த்தேன். சிரித்துவிட்டாள்.

அந்தச் சமயம் பார்த்து வாட்ஸப்பில் ஒரு விளம்பரம் வந்தது. "தஞ்சை கலைச்சுற்றுலா. ஒரே நாளில் அரண்மனை, கலைக்கூடம், சரஸ்வதி மகால், பெரிய கோயில், மாலை கலை நிகழ்ச்சி. ஏசி வேன், கைடு, மதிய உணவு உள்பட ஆளுக்கு 850." நடத்துபவர் பெயரை எழுதப் போவதில்லை. எங்கள் ஊரில் இப்படி நாலைந்து பேர் நடத்துகிறார்கள், எல்லாமே கிட்டத்தட்ட ஒரே வண்டிதான் என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். தை மாதம், கல்யாண ஆர்டர் நேரம், கடையைத் தம்பி மகனிடம் விட்டுவிட்டு இரண்டு சீட் போட்டேன். எனக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று.

அம்மாவுக்கு 79 வயது. பிறந்தது திருவெண்காட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். பூம்புகார் போகிற வழி. அம்மா வாயில் அது "வெங்காடு". புதன் தலம் என்று இப்போது வெளியூர்க்காரர்கள் கூட்டமாக வருகிறார்கள். அம்மாவுக்கு அது முக்குளத்தில் குளித்துவிட்டு அகோர மூர்த்தியைப் பார்த்துவிட்டு வருகிற ஊர், அவ்வளவுதான். கலைக்கூடத்தில் வெங்காட்டுச் சாமி இருக்கிறது என்று நான் சொன்னதால்தான் அம்மா வரச் சம்மதித்தாள். இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எட்டு மணிக்கு வண்டி என்றார்கள். ஒன்பது பத்துக்கு எடுத்தார்கள். யாரோ மூன்று பேர் வரவேண்டுமாம், கடைசிவரை வரவில்லை. ஓட்டுநர் தம்பி நல்ல மாதிரி. அம்மா ஏறுவதற்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் படிக்குக் கீழே போட்டார், அன்றைக்கு ஏழு தடவையும் போட்டார். தாராசுரம், பாபநாசம், அய்யம்பேட்டை என்று வண்டி ஓடியது. கைடு மைக்கைப் பிடித்தார்.

கைடு விஷயத்தில் எனக்கு இரண்டு மனசு. பாபநாசம் தாண்டியதும் அவர் சொன்ன பத்தூர் நடராஜர் கதை பிரமாதம். குடவாசல் பக்கம் பத்தூரில் 1976இல் ஒரு கூலித் தொழிலாளி மண் வெட்டும்போது கிடைத்த நடராஜர், கைமாறிக் கைமாறி லண்டன் போய்ச் சேர்ந்தார். அங்கே கோர்ட்டில் வழக்கு. கோயிலே வாதி. இடிந்து கிடந்த கோயில், அதற்குள் இருந்த சிவலிங்கம், அதன் சார்பில் கேஸ். ஜெயித்து 1991இல் திரும்பி வந்தார். வேனில் ஒரு குழந்தைகூடச் சத்தம் போடவில்லை. இதையெல்லாம் அழகாகச் சொன்ன அதே மனுஷன், பெரிய கோயில் வந்ததும் "விமான நிழல் தரையில விழாது" என்று ஆரம்பித்துவிட்டார். அதற்குப் பிறகு வருகிறேன்.

தஞ்சாவூரில் முதலில் நின்றது அரண்மனை இல்லை. ஒரு பட்டுப்புடவைக் கடை. "பத்து நிமிஷம், ரெஸ்ட்ரூம் வசதிக்காக" என்றார்கள். ஒரு மணி இருபது நிமிஷம். உள்ளே ஏசி, ஆளுக்கு ஒரு குட்டி டம்ளரில் பாதாம் பால். கடைக்காரன் மனசு கடைக்காரனுக்குத் தெரியும், அவர்களைக் குறை சொல்லமாட்டேன். வண்டி கொண்டுவந்து விடுகிறவருக்குக் கமிஷன் இருக்கும், எங்கள் கடைக்கும் அப்படிக் கேட்டு வந்தவர்கள் உண்டு. ஆனால் 850 ரூபாய் நான் கொடுத்தது என் நேரத்துக்கும் சேர்த்துத்தானே? அம்மா ஒரு சுங்குடிப் புடவை வாங்கினாள். அது வேறு விஷயம்.

ஆக, அரண்மனைக்குள் நுழையும்போது மணி பன்னிரண்டு. நாயக்கர்கள் கட்டி, மராட்டியர்கள் 1676க்குப் பிறகு விரித்த இடம். ஒரே டிக்கெட்டில் எல்லாம் பார்த்துவிடலாம் என்று நினைக்கவேண்டாம். கலைக்கூடத்துக்குத் தனி, தர்பார் பக்கத்துக்குத் தனி, சரஸ்வதி மகால் அருங்காட்சியகத்துக்குத் தனி. அது அங்கே உள்ள நடைமுறை, தப்பில்லை. "எல்லாம் உள்பட" என்று விளம்பரம் போட்ட நம் ஆள் டிக்கெட் காசைத் தனியாக வாங்கினாரே, அதுதான் தப்பு. "உள்பட என்றால் வண்டி உள்பட சார்" என்று ஒரு விளக்கம் வேறு.

கலைக்கூடத்தில் எங்களுக்குக் கொடுத்தது முப்பத்தைந்து நிமிஷம். கைடு கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டிச் சொன்னார்.

1951இல் தொடங்கிய கூடம் இது. சோழநாட்டுக் கோயில்களிலும் வயல்களிலும் கிடைத்த கல்லும் செம்பும் இங்கே சேர்ந்திருக்கின்றன. என் வீட்டிலிருந்து நாலு கிலோமீட்டரில் இருக்கிற தாராசுரத்து யானை உரித்த சிவன் இங்கேதான் நிற்கிறார். எத்தனையோ தடவை தாராசுரம் போயிருக்கிறேன், அவர் அங்கே இல்லை என்பதே எனக்குத் தெரியாது. சரபோஜி மன்னருக்கு வெள்ளைப் பளிங்கில் ஒரு சிலை, ஃபிளாக்ஸ்மன் என்கிற வெள்ளைக்காரச் சிற்பி செய்தது. கும்பிட்டபடி நிற்கும் மன்னருக்கு எதிரே வேன் கூட்டம் முழுக்கப் போட்டோ எடுத்துக்கொண்டது. தரங்கம்பாடிக் கரையில் ஒதுங்கிய திமிங்கலத்தின் எலும்புக்கூடும் இந்த அரண்மனையில் உண்டு. குழந்தைகளுக்கு அதுதான் பிடித்தது. போகட்டும்.

நான் நின்றது திருவெண்காட்டு ரிஷபவாகன தேவர் முன்னால். திருவெண்காட்டுக் கோயில் கல்வெட்டுக் கணக்குப்படி இவரைச் செய்து வைத்தது 1011. ராஜராஜன் உயிரோடு இருந்த காலம், பெரிய கோயில் குடமுழுக்கு முடிந்து ஒரு வருஷம். பக்கத்தில் இருக்கிற தேவி 1012. எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் கடையிலும் அப்படித்தான். கோயிலுக்கு இந்த வருஷம் ஒரு குடம், கையில் காசு வந்ததும் அடுத்த வருஷம் இன்னொன்று என்றுதான் கொடையாளிகள் வருவார்கள்.

ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேல் உயரம். இரண்டே கை. ஒரு காலைக் குறுக்கே போட்டு ஒய்யாரமாக நிற்கிறார். சடையைத் தலைப்பாகை மாதிரிச் சுற்றியிருக்கிறது, அதிலே பாம்பு. ஒரு கை மாட்டின் மேல் சாய்ந்திருக்கிறது. மாடு இல்லை. மாடு மட்டும் கிடைக்கவில்லை. அந்தக் கை காற்றில் சாய்ந்துகொண்டு நிற்கிறது, ஆனாலும் விழுகிற மாதிரித் தெரியவில்லை. உடம்பின் பாரம் அந்தப் பக்கம் போயிருக்கிறது, இடுப்பு இந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கிறது. மாடு எவ்வளவு உயரம் இருந்திருக்கும் என்று அந்த முழங்கையை வைத்தே சொல்லிவிடலாம்.

நான் பாத்திரக்காரன், கலை தெரியாது. உலோகம் கொஞ்சம் தெரியும். நாங்கள் விற்கும் குத்துவிளக்கு மண் அச்சில் வார்த்துக் கடைசல் பிடிப்பது. நாச்சியார்கோயில் பட்டறைகளில் நின்று பார்த்தவன் நான். கடைசல் உளி பட்ட விளிம்பு வெயிலில் ஒரு மாதிரிக் கூர்மையாக மின்னும். விரலை வைத்தால் தெரியும். சாமித் திருமேனி அப்படி இல்லை. சுவாமிமலையில் ஸ்தபதிகள் இன்றைக்கும் செய்கிற மாதிரி முதலில் தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து சாமியை முழுசாகச் செய்துவிடவேண்டும். காவிரி வண்டலை நைஸாக அரைத்து அதன் மேல் பூசி, அதற்கு மேல் கரடுமண் பூசி, கம்பி கட்டிச் சுட்டால் மெழுகு உருகி ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றவேண்டும். ஆறியதும் மண்ணை உடைக்கவேண்டும். ஒரு சாமிக்கு ஒரு கரு, அதோடு சரி. இன்னொரு பிரதி கேட்டால் மறுபடி மெழுகிலிருந்து. எங்கள் அண்டா மாதிரி உள்ளே கூடு கிடையாது, உச்சி முதல் பாதம் வரை கனம். இதைத் தூக்க நாலு பேர் வேண்டும்.

வேட்டி மடிப்பையும் இடுப்புக் கயிற்றையும் கிட்டத்தில் பார்த்தேன். எந்த விளிம்பும் வெட்டின விளிம்பு இல்லை. மெழுகு இளஞ்சூட்டில் இருக்கும்போது விரலால் ஒதுக்கின வளைவு அப்படியே நிற்கிறது. உளிவேலை இருக்கிறது, தெரியாத அளவுக்கு இருக்கிறது. ஆயிரம் வருஷம், அதிலும் எத்தனையோ நூறு வருஷம் மண்ணுக்குள். படையெடுப்புக்குப் பயந்து புதைத்தவர்கள், எங்கே புதைத்தோம் என்று சொல்லாமலே போய்ச் சேர்ந்தார்கள். பச்சையாகக் களிம்பு ஏறின இடத்தைப் பார்த்ததும் புளி போட்டுத் தேய்க்க எனக்குக் கை பரபரத்தது. தொழில் புத்தி. தொடக்கூடாது, தெரியும்.

இன்னொன்றும் தோன்றியது. பிறந்ததிலிருந்து உற்சவ மூர்த்திகளைப் பார்க்கிறேன், ஒரு சாமிக்கும் தோள் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. கோயிலில் பட்டும் மாலையும் கவசமும் போக முகம்தான் மிஞ்சும். அபிஷேகத்தின்போது எண்ணெயும் பாலும் ஓடும், கண் மூடித் திறப்பதற்குள் திரை போட்டுவிடுவார்கள். சாமியின் இடுப்பு ஒடிவை முதல்முதலில் ஐம்பத்தாறு வயதில் பார்க்கிறேன். பக்கவாட்டில் போய்க் கழுத்தை நீட்டிப் பிடரியை எட்டிப் பார்த்தேன். சுற்றின சடை பின்பக்கமும் அதே ஒழுங்கு. யாரும் பார்க்காத பக்கம்.

அம்மா என்ன செய்தாள் என்று திரும்பினால், செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு நின்றுகொண்டிருந்தாள். ஊழியர் ஒருவர் "செருப்பு போட்டுக்கலாம் பாட்டி" என்றார். "இருக்கட்டும் தம்பி" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "இவருக்கு யாருடா படைக்கிறா?" என்றாள். பதில் சொல்வதற்குள் வெளியே ஹாரன் அடித்தது. முப்பத்தைந்து நிமிஷம் முடிந்ததாம். கல்யாணக் கோலத்துச் சிவன், கல்யாணசுந்தரர், இருக்கும் பக்கம் நாங்கள் போகவே இல்லை. அம்மா வேனில் ஏறும்போது சொன்ன வார்த்தை: "சாமி பாக்க வந்தமா, பொடவ பாக்க வந்தமா?"

சாப்பாடு நன்றாக இருந்தது. சொன்னேனே, வத்தக்குழம்பு. இரண்டாம் தடவை கேட்டுப் போட்டுக்கொண்டேன்.

சரஸ்வதி மகாலுக்கு இருபது நிமிஷம். நாயக்கர் காலத்து ஏட்டுச் சேமிப்பு, இரண்டாம் சரபோஜி (1798 முதல் 1832 வரை ஆண்டவர்) புத்தகமும் படமும் வாங்கி வாங்கிச் சேர்த்துப் பெரிதாக்கியது, 1918இல் பொதுமக்களுக்கென்று ஆனது. அருங்காட்சியகம் சின்னதுதான். மனுஷ முகத்தையும் மிருக முகத்தையும் பக்கம் பக்கமாக வைத்து ஒரு பிரெஞ்சு ஓவியர் வரைந்த படங்கள் அங்கே உண்டு. ஆந்தை முகமும் ஆந்தை மாதிரி மனுஷனும், ஒட்டகமும் ஒட்டகம் மாதிரி மனுஷனும். கடன் சொல்லிவிட்டுப் போன வாடிக்கையாளர்கள் இரண்டு பேரை அங்கே கண்டுபிடித்தேன். சரபோஜி கண் வைத்தியத்தில் ஈடுபாடு உள்ளவர், கண் நோயாளிகளின் கண்ணைப் படமாக வரைந்து சிகிச்சை விவரத்தோடு எழுதிவைக்கச் செய்தார் என்று கைடு சொன்னதும், போன வருஷம் கண்புரை ஆபரேஷன் செய்துகொண்ட அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ராசாவே பாத்தாரா? சொட்டு மருந்து எத்தன வேள?" கைடுக்குப் பதில் தெரியவில்லை. நியாயமான கேள்விதான்.

பெரிய கோயிலுக்கு நாலரைக்குப் போனோம். நிழல் கதை இங்கேதான். கைடு விமானத்தைக் காட்டி நிழல் கீழே விழாது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். தை மாத வெயில் தென்மேற்கில் சாய்ந்திருக்கிறது. வடக்குப் பிராகாரத்தில் நாங்கள் எல்லோரும் வெயிலுக்கு ஒதுங்கி நின்றிருந்தது எந்த நிழலில் என்கிறீர்கள்? விமானத்து நிழலில்தான். வேனில் வந்த ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் அதைச் சொல்லியும்விட்டான். கைடு கேட்காத மாதிரி நந்தி பக்கம் நகர்ந்துவிட்டார். 1010இல் குடமுழுக்குக் கண்ட கோயிலுக்குப் பெருமை சேர்க்கப் பொய் எதற்கு? அவர் கை வைத்துச் சாய்ந்திருந்த சுவரிலேயே எழுதியிருக்கிறதே. ராஜராஜனும் அவன் வீட்டுப் பெண்களும் அதிகாரிகளும் கோயிலுக்குக் கொடுத்த செப்புத் திருமேனிகள், ஒவ்வொன்றும் இத்தனை முழம், இத்தனை விரல் உயரம், இத்தனை கை என்று கணக்கு. பொன்னை நிறுத்தது "ஆடவல்லான்" என்று பெயர் வைத்த எடைக்கல்லால். நான் முப்பது வருஷமாகத் தராசுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன், எடைக்கல்லுக்கு நடராஜர் பெயர் வைக்க எனக்குத் தோன்றியதில்லை. முத்திரை ஆபீசர் வந்தால் அவரும் கும்பிட்டுவிட்டுப் போவார். கல்வெட்டில் எழுதிய அத்தனை திருமேனிகளில் இன்றைக்கு மிஞ்சியிருப்பவை மிகச் சில. கணக்கு இருக்கிறது, சரக்கு இல்லை. வியாபாரிக்கு வயிறு எரிகிற விஷயம்.

மாலை கலை நிகழ்ச்சி. இதை எதிர்பார்த்துத்தான் பாதிப் பேர் வந்திருந்தார்கள். கோயில் வளாகம் என்று நினைத்திருந்தோம், ஒரு லாட்ஜ் ஹாலுக்குக் கூட்டிப் போனார்கள். டியூப்லைட், பின்னால் யாருடைய நிச்சயதார்த்தத்துக்கோ ஒட்டிய தெர்மாகோல் எழுத்து பாதி கிழிந்து தொங்கியது. ஒலிப்பதிவுப் பாட்டுக்கு இரண்டு பெண் பிள்ளைகள் பரதம் ஆடினார்கள், பதினைந்து பதினாறு வயது இருக்கும். கீழே விரித்த கம்பளத்தை இழுத்து ஒட்டவில்லை. முதல் பாட்டிலேயே மூலை சுருண்டு காலில் மாட்டியது. அந்த இரண்டில் சின்னவள் தாளம் விடாமல், தட்டு மெட்டு போடுகிற மாதிரியே ஒரு காலால் கம்பளத்தைத் தள்ளித் தள்ளி ஓரமாக்கிவிட்டு வெறும் தரையில் ஆடினாள். மொசைக் தரையில் சலங்கைச் சத்தம் நன்றாகவே கேட்டது. அன்றைய நாளில் நான் கைதட்டியது அதற்கு ஒன்றுக்குத்தான். இருபத்தைந்து நிமிஷத்தில் முடிந்தது. பிள்ளைகளுக்கு என்ன கொடுத்தார்கள் என்று கேட்டேன், ஓட்டுநர் தம்பி பேச்சை மாற்றினார்.

வீடு வர ராத்திரி ஒன்பதரை. பெண் போன் பண்ணினாள். "போனோம்மா" என்றேன். "எப்படி இருந்துச்சு?" என்றாள். புடவைக் கடை நன்றாக இருந்தது என்றேன்.

அதோடு விட்டிருந்தால் இதை எழுதியிருக்கமாட்டேன். அம்மா விடவில்லை. "அந்தக் கல்யாணக் கோலத்த பாக்கல" என்று நாலு நாள் சொல்லிக்கொண்டே இருந்தாள். வியாழக்கிழமை காலையில் கும்பகோணத்திலிருந்து பஸ் ஏறினோம். பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் இறங்கினால் அரண்மனைக்கு ஆட்டோவில் கொஞ்ச தூரம்தான். நடக்கிறவர்கள் நடந்தே போய்விடலாம். ஒரு பிளாஸ்கில் காபி, எலுமிச்சை சாதம், அம்மாவுக்கு ஒரு குஷன். செலவு வேனில் ஒரு ஆளுக்குக் கொடுத்ததில் பாதிகூட ஆகவில்லை, இரண்டு பேருக்கும் சேர்த்து. காலையில் திறந்ததும் போனால் கூட்டம் இருக்காது. பள்ளிக்கூடப் பஸ்கள் வருவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் முழுசாகக் கிடைத்தது.

கல்யாணசுந்தரரைப் பார்த்தோம். அவரும் திருவெண்காடுதான். சிவனும் உமையும், தாரை வார்த்துக் கொடுக்கப் பெருமாள், கூடவே லட்சுமி. சிவன் கை உமையின் கையைப் பிடித்திருக்கிறது. பிடித்திருப்பது இறுக்கமும் இல்லை, தொட்டும் தொடாமலும் இல்லை. பொண்ணுக்குத் தலை கொஞ்சம் குனிந்திருக்கிறது. ஆள் மாப்பிள்ளையைவிடக் குட்டை. அம்மா நெடுநேரம் பார்த்துவிட்டு, "தோளப் பாரு" என்றாள். பார்த்தேன். ஒரு தோள் சற்றே உள்ளே ஒடுங்கி இருக்கிற மாதிரி இருந்தது. "கைய நீட்டச் சொன்னா அப்படித்தான் வரும். எனக்கும் அப்படித்தான் வந்துச்சு. ஒங்கப்பா முகத்த அன்னிக்கு நான் பாக்கவே இல்ல, கைய மட்டுந்தான் பாத்தேன்." அறுபது வருஷத்துக்கு முந்தின விஷயம். இதை அம்மா என்னிடம் சொன்னதே இல்லை.

பிறகு ரிஷபவாகனரிடம் வந்தோம். உட்கார இடம் பார்த்துக் குஷனைப் போட்டேன். அரை மணி நேரம் உட்கார்ந்தாள். நான் சுற்றிவந்து பிச்சாடனரைப் பார்த்தேன், திரும்பி வந்தேன், இன்னொரு சுற்றுப் போனேன். பீடத்தில் உலாப் போகும்போது தண்டு கட்டுவதற்கு இருக்கும் ஏற்பாட்டை ஒவ்வொரு சாமியிடமும் குனிந்து குனிந்து தேடினேன். தெருவில் தோளில் ஏறிப் போகச் செய்தவர்கள் இவர்கள், சுவரோரம் நிற்க இல்லை.

போன வருஷம் பெண்ணோடு எழும்பூரில் பார்த்த அர்த்தநாரியை நினைத்துக்கொண்டேன். அவரும் திருவெண்காடு. 1851இல் தொடங்கிய அந்த மியூசியத்தின் செப்புத் திருமேனிக் கூடத்தில் நிற்கிறார், பாதி ஆண், பாதி பெண், எந்த இடத்தில் மாறுகிறது என்று கோடு போட முடியாது. அங்கே வெளிச்சம் அருமை. பெண் எடுத்துச் சொன்ன விவரமும் அருமை. ஆனால் அன்றைக்கு நான் ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில் இருந்தேன். ஆக, பெரிய நகரத்தில் நான் பார்த்ததும் வேனில் பார்த்த மாதிரிதான். ஒரே ஊர்ச் சாமிகள், ஒருவர் பட்டணத்தில், ஒருவர் தஞ்சாவூரில். மண்ணுக்குள் கிடைப்பது 1878ஆம் வருஷத்துப் புதையல் சட்டப்படி சர்க்காருக்குப் போகும், அதில் யாரையும் நோகமுடியாது. ஊரில் விட்டிருந்தால் இருந்திருக்குமா என்பதும் ஒரு கேள்வி. பாதுகாப்பு இல்லாத எத்தனையோ கோயில்களின் திருமேனிகள் இப்போது திருவாரூரில் சிலை பாதுகாப்பு மையத்தில்தான் இருக்கின்றன, திருவிழாவுக்கு மட்டும் ஊர் போய்வருகின்றன. பெண்டாட்டி பிள்ளையை ஊரில் விட்டுவிட்டுத் துபாயில் இருப்பவர்கள் மாதிரி.

போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. வயதானவர்கள், முழங்கால் வலிக்காரர்கள், வண்டி மாறி ஏற முடியாதவர்கள் வேனில் போங்கள். ஓட்டுநர் அந்த ஸ்டூலைப் போடும் வரைக்கும் அந்த வேலை நடக்கும். ஆனால் ஏறும் முன்னாலேயே கேட்டுவிடுங்கள்: கலைக்கூடத்துக்கு எத்தனை நிமிஷம், டிக்கெட் யார் காசு, கடை எத்தனை. வாயால் சொன்னால் போதாது, வாட்ஸப்பில் எழுதி வாங்குங்கள். மற்றவர்கள் பஸ்ஸில் போங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்கவேண்டாம். காலையில் கலைக்கூடம், சாயங்காலம் பெரிய கோயில், நடுவில் ஒரு நல்ல தூக்கம். ஏட்டுச்சுவடிக்கு இன்னொரு நாள்.

இன்னொரு விஷயம். அதே வேன்காரர் இப்போது திருவையாறு தியாகராஜர் ஆராதனைக்கு "ஸ்பெஷல் பேக்கேஜ், முன்வரிசை உறுதி" என்று அனுப்புகிறார். தஞ்சாவூரிலிருந்து பதிமூன்று கிலோமீட்டர், அடிக்கு ஒரு பஸ். புஷ்ய பகுள பஞ்சமி அன்று காவிரிக்கரைப் பந்தலில் நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ஐந்து ராகத்தில் அவருடைய ஐந்து கீர்த்தனையும் ஊரே சேர்ந்து பாடும்போது முன்வரிசை என்ன, பின்வரிசை என்ன. பாடத் தெரிந்தவர் பாடுவார், தெரியாதவர் தொடையைத் தட்டுவார். நான் இரண்டாம் வகை. அதற்குக் காசு கொடுத்து உட்காருவது, ஆற்றில் குளிக்கக் குழாய்வரி கட்டுவது போல.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா ஜன்னலோரம். அய்யம்பேட்டை வரைக்கும் பேசவில்லை. பிறகு, "அந்த மாடு எங்கடா?" என்றாள். கிடைக்கவில்லையாம் என்றேன். "எங்க போவும்? வெங்காட்டுலதான் கெடக்கும் மண்ணுக்குள்ள. சாமிய எடுத்தவன் ரெண்டு அடி தள்ளித் தோண்டல."

அப்போது பார்த்து வேன்காரரிடமிருந்து போன். சுற்றுலா எப்படி இருந்தது, ஐந்து ஸ்டார் போட்டுவிடுங்கள் சார் என்றார். போடுகிறேன், எழுதுகிறேன் என்று இழுத்தேன். அம்மா என் முழங்கையைத் தட்டினாள்.

"வெங்காட்டுக்கு வண்டி விடுவானான்னு கேளு. வழியில பொடவக் கடையில நிக்கக்கூடாதுன்னும் சொல்லு."